ராஜாவைச் சாகவிடாத டைரக்டர்

ஊசி போட்டாச்சு சார். அப்படியே சாய்ஞ்சு படுத்திருங்க, தாடை மரத்துப் போகட்டும். பஞ்சு வச்சிருக்கேன், வாயை மூடிடாதீங்க. பேசவும் பேசாதீங்க. பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன்.

உள்ளே வந்ததும் அந்தப் போட்டோவைத்தானே பார்த்தீங்க? பார்க்காதவங்க கிடையாது. கல்யாணத்துக்கு வந்த இடத்துல பல்வலி வந்து, யாரோ கைகாட்டின டாக்டரைத் தேடி வந்தா, சுவத்துல ஒருத்தன் கிரீடம் வச்சுக்கிட்டு, தாடி ஒட்டிக்கிட்டு, மார்ல கவசம் போட்டுக்கிட்டு, உறுமிக்கிட்டு நிக்கிறான். பயமாத்தான் இருக்கும். நான்தான் அது. மன்னன் மாறவேள். இந்த மன்னார்குடியில டாக்டர் கலியபெருமாள் எங்கேன்னு கேட்டீங்கன்னா யோசிப்பாங்க. ராஜா டாக்டர்னு கேட்டுப் பாருங்க, ஆட்டோக்காரர் வாசல்லயே இறக்கி விட்டுட்டுப் போவார்.

அந்த ராஜாவை இந்த வருஷம் சாகவிடாம பண்ணிட்டா சார் ஒரு பொண்ணு. பாண்டிச்சேரியிலேர்ந்து வந்து, வேர்க்கடலை தின்னுக்கிட்டே, என் சாவைத் தூக்கிக் கடாசிட்டா. அந்த வயித்தெரிச்சலை யார்கிட்ட சொல்றது? நீங்க வெளியூரு. உங்ககிட்ட சொல்லலாம்.

'கோட்டைக் கதவு'ன்னு ஒரு நாடகம். எங்க ஊர்ப் புலவர் ஒருத்தர் எழுதினது. நூறு வருஷமா வருஷா வருஷம் மாசி மாசத்துல எங்க நாடக மன்றம் போட்டுக்கிட்டு வருது. சோக நாடகம்னா அதுதான் சோக நாடகம். கதை சின்னக் கதைதான். எதிரி வந்து கோட்டையைச் சுத்தி உட்கார்ந்திருக்கான். கதவைத் திறக்கிறவன் எவனா இருந்தாலும் தலை இருக்காதுன்னு ராஜா ஆணை போட்டிருக்கார். ஒருநாள் விடிஞ்சு பார்த்தா கதவு திறந்திருக்கு. திறந்தது யாருன்னா, ராஜாவோட ஒரே பிள்ளை. ராஜா பிள்ளைன்னு பார்க்கல. வெட்டுன்னுட்டார். வெட்டினப்புறம் சேதி வருது, பையன் கதவைத் திறந்தது எதிரியை விடறதுக்கு இல்ல, பட்டினி கிடந்த ஜனத்துக்கு நெல்லு வண்டியை உள்ள விடறதுக்குன்னு. உடனே ராஜா விஷத்தைக் குடிச்சுட்டுச் சாகறார்.

உடனேன்னு சொன்னேனா? உடனே சாகமாட்டார். அங்கதான் இருக்கு புலவர் மூளை. விஷத்தைக் குடிச்சதுக்கப்புறம் கால் மணி நேரத்துக்கு வசனம் வச்சிருக்கார். 'மண்ணே, வாய் திற! விண்ணே, இடிந்து என் தலையில் விழு! மகனைத் தின்ற மாபாவி கேட்கிறேன்!' அப்படின்னு ஆரம்பிச்சு, அஷ்டதிக்குக்கும் தனித்தனியா ஒரு கேள்வி. கிழக்கே பார்த்து ஒண்ணு, தென்கிழக்கே பார்த்து ஒண்ணு. வடகிழக்குக்கு வர்றதுக்குள்ள நான் முட்டி போட்டிருப்பேன். கடைசியில மல்லாக்க விழணும். கிரீடம் உருண்டு மேடை விளிம்பு வரைக்கும் போகணும், கீழே விழக்கூடாது. அதுக்கு மட்டுமே எவ்வளவு பழகியிருக்கேன் தெரியுமா!

அந்தக் கட்டத்துல சனம் தாங்காது சார். பாதிப் பேரு எழுந்து வெளியே போயிடுவாங்க. மண்டபத்து வாசல்ல டீக்கடை, அங்கே போய் நின்னு மனசை ஆத்திக்கிட்டு, நான் விழற நேரத்துக்குச் சரியாத் திரும்பி வந்து கைதட்டுவாங்க. அவ்வளவு சோகம்.

எங்க மன்றத்துச் செயலாளர் பக்தவத்சலம். பெரிய நகைக்கடை. அவர்தான் ராணி. ஆமா, அவர்தான். பொம்பளைங்க நடிக்க வராத காலத்துலேர்ந்து அவர்தான் போட்டுக்கிட்டு வர்றார், மீசையை மட்டும் எடுக்கமாட்டார், முந்தானையை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்குவார். ராணிக்கு அதிகம் வசனம் கிடையாது. 'ஐயோ நாதா!'ன்னு ஒரு தடவை கத்திட்டு மயக்கம் போட்டு விழணும். அவர் உடம்புக்கு அவர் விழுந்தா மேடைப் பலகை ஒருதடவை எழுந்து உட்காரும். நகையெல்லாம் சொந்தக் கடை நகை. சனம் அதைப் பார்க்கவே முன்வரிசைக்கு அடிச்சுக்கும்.

நாடகத்துக்கு நூறு வருஷம் ஆகுது, விசேஷமாச் செய்யணும்னு அவர்தான் ஆரம்பிச்சார். பாண்டிச்சேரியில நாடகம் படிச்ச பொண்ணு ஒண்ணு இருக்கு, வெளிநாட்டுலயெல்லாம் மேடை போட்டிருக்கு, டைரக்டராக் கூப்பிடுவோம்னார். பேரு மெர்லின். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முப்பத்தஞ்சு வயசு இருக்கலாம். ஒரு ஜோல்னாப் பை, அதுல நாடகப் புஸ்தகம், ஒரு பொட்டலம் வேர்க்கடலை. அவ்வளவுதான் அவ சாமான்.

பக்தவத்சலம் வீட்டு மாடியில ரிகர்சல். முழு நாடகத்தையும் அவளுக்கு நடிச்சுக் காட்டினோம். சம்மணம் போட்டு உட்கார்ந்து கடலையை உரிச்சு உரிச்சுத் தின்னுக்கிட்டு முழுசாப் பார்த்தா. நான் மல்லாக்க விழுந்து, எழுந்து, மூச்சு வாங்கிக்கிட்டு அவ முன்னாடி நிக்கிறேன். தொலியை மடியிலேர்ந்து தட்டிவிட்டா.

"ரொம்ப நல்ல நாடகம் சார். பாதியை எடுத்துரலாம்."

"எந்தப் பாதியைம்மா?"

"சத்தமா இருக்கிற பாதியை."

முதல்ல என் தாடிக்கு வந்தா. "தாடி எதுக்கு சார்? அதுக்குப் பின்னாடி உங்க மூஞ்சியே தெரியலையே?"

"என் மூஞ்சி தெரியக்கூடாதுன்னுதானேம்மா தாடி! மூஞ்சி தெரிஞ்சா, பல்லுப் பிடுங்கற டாக்டர்னு சொல்லிடுவானே!"

"சொல்லட்டுமே."

தாடி போச்சு. அடுத்தது கிரீடம். கிரீடம் இருக்கட்டும், ஆனா தலையில வேண்டாம், கையில வச்சுக்கங்கன்னா. எந்த ராஜாவாவது கிரீடத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு அலைவானா? ஹெல்மெட்டா அது? கேட்டேன். சிரிச்சுட்டு அடுத்த கடலையை உரிச்சா.

அப்புறம் இளவரசன். போஸ்ட் மாஸ்டர் சௌரிராஜன்தான் இத்தனை வருஷமா என் பிள்ளை. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர், பாவம், டை அடிச்சுக்கிட்டு வருவார். "இளவரசன் மேடைக்கே வரவேண்டாம், அந்த இடத்துல ஒரு ஸ்டூலைப் போட்டுடுவோம், நீங்க ஸ்டூலைப் பார்த்துத் தண்டனை கொடுங்க"ன்னுட்டா.

"பிள்ளையே இல்லாம எப்படிம்மா பிள்ளைக்குத் தண்டனை கொடுக்கிறது?"

"அதான் சார் நாடகமே" அப்படின்னா.

என்ன பதில் இது? உங்களுக்குப் புரியுதா? எனக்குப் புரியல. சௌரிராஜனைச் சேதி கொண்டுவர்ற தூதனாப் போட்டுட்டா. அவர் சந்தோஷமா டை அடிக்கிறதை நிறுத்திட்டார்.

பக்தவத்சலத்துக்கு வந்ததுதான் பெரிய அடி. "ராணியா ஒரு பொம்பளை வேணும்"னா. அழைச்சுக்கிட்டு வந்ததே அவர்தான், மறுப்புச் சொல்ல முடியல. புடவையை மடிச்சுக் கொடுத்துட்டு மூலையில போய் உட்கார்ந்துட்டார். அவருக்கு லைட் போடற வேலை கொடுத்தா. இந்த வயசுல அந்த மனுஷனை சுவிட்சைப் போட்டு அணைக்க வச்சுட்டா சார்!

இப்போ மரத்திருக்கும். மெஷினை எடுக்கிறேன். சத்தத்துக்குப் பயப்படாதீங்க, சத்தம் மட்டும்தான். ஆங், அப்படியே.

ராணிக்கு ஆள் கிடைக்கல. ஸ்கூல் டீச்சர்ஸ்கிட்டயெல்லாம் கேட்டுப் பார்த்தாங்க. அந்தச் சமயத்துல ஒருநாள் என் சம்சாரம் மங்கையர்க்கரசி ரிகர்சலுக்கு வந்தா. நடிக்கிறதுக்கு வரல, நான் பிரஷர் மாத்திரையை மறந்துட்டு வந்துட்டேன், அதைக் கொடுக்க வந்தா. நான் ஸ்டூல்கிட்ட வசனம் பேசிக்கிட்டிருக்கேன். 'செங்கோல் வளைந்தால்'னு ஆரம்பிச்சேன், அடுத்தது வரல. ஸ்டூலைப் பார்த்துப் பேசினா எப்படி வரும்? அவ வாசப்படியில நின்னுக்கிட்டு, பையில மாத்திரையைத் தேடிக்கிட்டே, "செங்கோல் வளைந்தால் என் முதுகெலும்பு நிமிராது"ன்னு எடுத்துக் கொடுத்தா. காய்க்காரன்கிட்ட விலை கேட்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமா.

மெர்லின் கடலையைக் கீழே வச்சுட்டா. "அம்மா, உங்களுக்கு இது முழுசாத் தெரியுமா?"

"இருபத்தஞ்சு வருஷமா குக்கர் சத்தத்தோட சேர்த்துக் கேட்கிறேன் பாப்பா. மறக்கணும்னு பார்த்தாலும் முடியல."

"ராணியா நடிக்கிறீங்களா?"

நான் சிரிச்சுட்டேன். சிரிக்காம என்ன செய்யறது? மங்கை மேடைன்னா சரஸ்வதி பூஜைக்குக் கோலம் போடப் போனதோட சரி. அவ நான் சிரிக்கிறதைக் கொஞ்ச நேரம் பார்த்தா. மாத்திரையை என் கையில வச்சா. மெர்லின் பக்கம் திரும்பி, "நடிக்கிறேன்"னா.

எங்க வீட்டுல எல்லாத்துக்கும் என்னைக் கேட்டுத்தான் செய்வா. அன்னிக்குக் கேட்கல. மேடை ஆசை யாரைத்தான் விட்டது?

இதுக்கு நடுவுல ஊர்ல சில பேரு வேற மாதிரிப் பேசினாங்க. அதையும் நீங்களே வெளியில கேட்கப்போறீங்க, நானே சொல்லிடறேன். எனக்கு ஒரு பையன். இளம்பரிதி. பல் டாக்டருக்குத்தான் படிக்க வச்சேன். இந்த நாற்காலியே அவன் வந்து உட்காருவான்னு வாங்கினதுதான். அதாவது, அவன் நிப்பான், உங்களை மாதிரி யாராவது உட்காருவாங்க. மூணாவது வருஷத்துல ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறான். படிக்க முடியாதுப்பான்னான். முடியாதுன்னா என்ன அர்த்தம்? அப்படின்னா இந்த வீட்டுலயும் இருக்க முடியாதுன்னேன். அதுவரைக்கும் நான் சொன்ன எதையும் உடனே கேட்காதவன், அதை மட்டும் உடனே கேட்டுட்டான். போயிட்டான். நாலு வருஷம் ஆகுது.

போனவன் என்ன செய்யறான் தெரியுமா? கோயம்புத்தூர்ல பேக்கரி வச்சிருக்கான் சார். கேக்கு! அப்பன் ஊர்ல இருக்கிற சொத்தையையெல்லாம் அடைச்சுக்கிட்டிருக்கேன், பிள்ளை அங்கே சொத்தையை உற்பத்தி பண்ணிக்கிட்டிருக்கான். தொழில்ல எனக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கிறான்னு பக்தவத்சலம் கேலி பண்றார்.

மங்கை ஞாயித்துக்கிழமையானா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போவா. துணி இருக்காது, போன் இருக்கும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நானும் அந்த நேரம் பார்த்து மாடிப்படிக்குக் கீழே நிப்பேன். அங்கே நல்லாக் காத்து வரும், அதுக்காக.

ஊர்ல என்ன பேசிக்கிட்டாங்கன்னா, ராஜா டாக்டர் மேடையில பிள்ளையை வெட்டறதும் வீட்டுல நடந்ததும் ஒண்ணுபோல இருக்குன்னு. என்ன சம்பந்தம்? அந்தப் பையன் கோட்டைக் கதவைத் திறந்தான், இவன் பேக்கரிக் கதவைத் திறந்திருக்கான். அந்த ராஜா தலையை எடுத்தார். நான் வெளியே போடான்னுதானே சொன்னேன்? பல்லு சம்பந்தமாச் சொன்னா நான் ஒத்துக்குவேன். நாடகம் சம்பந்தமா எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாயை இன்னும் கொஞ்சம். நல்லது.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மெர்லின் என்னைத் தனியாக் கூப்பிட்டா. "சார், கடைசிக் காட்சியில உங்களுக்கு வசனம் கிடையாது"ன்னா.

"எந்த வசனம்?"

"எதுவுமே."

"மண்ணே வாய் திற?"

"மண்ணு வாயைத் திறக்க வேண்டாம் சார். நீங்களும் திறக்க வேண்டாம். தூதன் வந்து நெல்லு வண்டி விஷயத்தைச் சொல்றார். நீங்க கிரீடத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ராணி வந்து, 'நெல் வந்துவிட்டது அரசே'ன்னு சொல்றாங்க. லைட்டு அணையுது. முடிஞ்சது."

"விஷம்?"

"இல்ல."

"நான் சாகலையா?"

"இல்ல சார். சாகறது சுலபம். அந்த ஆள் இனிமே உயிரோட இருக்கணும், அதுதான் பயங்கரம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கால் மணி நேரம் சாகறது சுலபமாம்! அவ செத்துப் பார்த்திருக்காளா? எட்டுத் திசைக்கும் திரும்பித் திரும்பி, விஷம் குடிச்ச வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு எழுத்து விழாம சொல்லிப் பார்த்திருக்காளா? நான் நடிக்கமாட்டேன்னுட்டு, கவசத்தைக் கழட்டி வீசிட்டு வந்துட்டேன். அட்டைக் கவசம்தான், ஆனாலும் சத்தமா விழுந்துச்சு.

வீட்டுக்கு வந்து மங்கைகிட்ட சொன்னேன். "இனிமே பக்தவத்சலம் வீட்டு மாடிப்படியை நாம மிதிக்கக் கூடாது."

அவ புளி கரைச்சுக்கிட்டிருந்தா. "நாமன்னா?"

"நீயும் நானும்."

"நீங்க வேணும்னா இருந்துக்குங்க. நான் போறேன். ராஜா இல்லாட்டி அதுக்கும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்குவோம்."

பாருங்க. ஒரே வாரத்துல அந்தப் பொண்ணு என் சம்சாரத்தை எப்படிப் பேச வச்சுட்டா! மறுநாள் நான் திரும்பிப் போனேன். மானத்தை விட்டுப் போகல, ஒரு திட்டத்தோட போனேன்.

திட்டம் என்னன்னா, லைட்டு பக்தவத்சலம் கையில இருக்கு. அவருக்கும் வயித்தெரிச்சல். ரெண்டு பேரும் டீக்கடையில வச்சுப் பேசி முடிச்சோம். ராணி வசனம் முடிஞ்சதும் அவர் லைட்டை அணைக்கக் கூடாது. நான் முன்னாடி வந்து, 'மண்ணே, வாய் திற!'ன்னு ஆரம்பிச்சுடுவேன். ஆரம்பிச்சதுக்கப்புறம் எவ வந்து தடுக்க முடியும், அத்தனை சனத்துக்கு முன்னாடி? எட்டுத் திசையும் முடிச்சு, விழுந்து, கையைத் தூக்குவேன். அப்போதான் லைட்டை அணைக்கணும். "நான் கையைத் தூக்கற வரைக்கும் என்ன ஆனாலும் சுவிட்சைத் தொடக்கூடாது"ன்னு சத்தியம் வாங்கினேன். புலவருக்குச் செய்ய வேண்டிய கடமைன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சத்தியம் பண்ணினார்.

நாடகத்தன்னிக்கு மண்டபம் நிரம்பி வழியுது. ராணியாப் பொம்பளை நடிக்கிறான்னு சேதி பரவிப்போச்சு. நான் தாடி இல்லாம உள்ள வந்ததும் எவனோ ஒருத்தன், "டோய், பல்லு டாக்டர்டோய்"னான். சொன்னேனா இல்லையா? மங்கை என்ன புடவையில வந்தா தெரியுமா? வீட்டுல கட்டற வாயில் புடவை. ஒரு பொட்டு நகை கிடையாது. முன்வரிசையே வாடிப்போச்சு.

ஸ்டூலுக்குத் தண்டனை கொடுத்தேன். 'இவனைக் கொண்டுபோய் வெட்டுங்கள்'னேன். யாரும் இல்லாத ஸ்டூலை ரெண்டு சேவகன் தூக்கிக்கிட்டுப் போனான். சிரிப்பு வரும்னு எதிர்பார்த்தேன். வரல. அது எப்படியோ போகட்டும்.

கடைசிக் காட்சி. சௌரிராஜன் வந்து சேதி சொல்லிட்டுப் போயிட்டார். நான் கிரீடத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மனசுக்குள்ள மூச்சை இழுத்து வச்சுக்கிட்டிருக்கேன், மண்ணேக்கு நிறைய மூச்சு வேணும். மங்கை உள்ளேர்ந்து வந்தா. என்னைப் பார்த்தா. 'நெல் வந்துவிட்டது அரசே'ன்னு சொல்லணும். சொல்லல.

"ஏன் திறந்தேன்னு அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அப்படின்னா.

நாடகத் தமிழ்ல இல்ல சார். அடுப்பங்கரையில பேசற அதே தமிழ்ல. அதே குரல்ல. சத்தம்கூடப் போடல. அந்தப் பொண்ணு கடைசி நாள் அவளைத் தனியாக் கூப்பிட்டு, உங்களுக்கு அந்த இடத்துல என்ன கேட்கத் தோணுதோ அதைக் கேளுங்கம்மான்னு சொல்லி வச்சிருந்திருக்கா. எனக்கு அப்புறம்தான் தெரியும். மேடையில இப்படியா செய்யறது? கூட நடிக்கிறவனுக்குச் சொல்ல வேண்டாமா?

நான் வாயைத் திறந்தேன். மண்ணேன்னு சொல்லத்தான் திறந்தேன். வரல. அதுக்கப்புறம் விண்ணே, அதுவும் வரல. எட்டுத் திசையில ஒரு திசைகூட ஞாபகம் இல்ல. வாயைத் திறந்தது திறந்தபடி நிக்கிறேன், இப்போ நீங்க இருக்கீங்களே, அப்படி. பதில் சொல்லணும்னா, இல்ல, கேட்கலைன்னுதானே சொல்லணும்? அதாவது ராஜா சொல்லணும். புலவர் அதுக்கு வசனம் எழுதல. நான் என்ன செய்வேன்?

லைட்டு அணையல. எப்படி அணையும்? நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேனே! பக்தவத்சலம் சுவிட்சுல கையை வச்சுக்கிட்டு, நான் எப்போ கையைத் தூக்குவேன்னு பார்த்துக்கிட்டு நிக்கிறார். கையைத் தூக்கணும்கிற நினைப்பே எனக்கு இல்ல. அவ்வளவு வெளிச்சத்துல, தாடியும் இல்லாம, நிக்கிறேன். எவ்வளவு நேரம்னு கேட்காதீங்க. மண்டபத்துல ஒருத்தன் இருமல. டீக்கடைக்கு ஒருத்தன் எழுந்து போகல.

மங்கை கொஞ்ச நேரம் காத்துக்கிட்டிருந்தா. நிஜமாவே பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. அப்புறம் என் கையிலேர்ந்து கிரீடத்தை வாங்கிக் கீழே வச்சுட்டு, அந்த இடத்துலயே தரையில உட்கார்ந்தா. என்ன தோணுச்சோ, நானும் பக்கத்துல உட்கார்ந்தேன். முட்டி வலி வேற. அப்போதான் மெர்லின் ஓடிப்போய்ப் பக்தவத்சலத்தைத் தள்ளிட்டு லைட்டை அணைச்சா.

சனம் கைதட்டல சார். கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து நின்னுச்சு. அப்படியே நின்னுச்சு. மண்டபத்துல விளக்கு வந்தப்புறம் பார்க்கிறேன், பஸ் ஸ்டாண்டுல பழக்கடை வச்சிருக்கிற ஒரு முரட்டு ஆள், துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு நிக்கிறான். மறுநாள் பேப்பர்ல, 'பேசாமல் பேசிய மன்னன்'னு போட்டிருந்தான். நாடகம் முடிஞ்ச கையோட மெர்லின் வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "எப்படி சார் அது? அந்த மௌனம்?"

"அனுபவம்மா"ன்னேன். வேற என்ன சொல்றது? வசனம் மறந்துட்டேன்னு ஊர்ல எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஒரு நடிகன் எந்த இடத்துல பேசணும், எந்த இடத்துல நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியும். நிறுத்தினேன். அவ்வளவுதான்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் மங்கை படுத்துட்டா. காலையில பார்த்தா பையில துணி அடுக்கிக்கிட்டிருக்கா. "கோயம்புத்தூர் போறேன். வர்றீங்களா?"ன்னா. அவளுக்கு இடுப்பு வலி உண்டு, பையைத் தூக்க ஒரு ஆள் வேணும். அதனால போனேன். கிளினிக்கை மூடிட்டுத்தான் போனேன், போர்டுகூட வச்சேன், வேணும்னா கேட்டுப் பாருங்க.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தெருமுனையில கடை. கூட்டம்னா கூட்டம் சார். ஸ்கூல் விட்ட நேரம். அத்தனை பிள்ளைங்களும் தேன்ல ஊறின கேக்கை வாய் நிறைய அடைச்சுக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு வாயும் எனக்கு ஒரு கேஸாத் தெரியுது. மங்கை நேரா உள்ளே போயிட்டா. அவளுக்கு அந்தக் கடையில எங்கே என்ன இருக்குன்னு தெரியுது, எப்போ வந்து பார்த்தாளோ! நான் வெளியில ஒரு மேஜையில உட்கார்ந்தேன்.

பரிதி வந்தான். மெலிஞ்சிருக்கான். இல்ல, குண்டாயிருக்கான்னுதான் சொல்லணும், ஆனா எனக்கு மெலிஞ்ச மாதிரிப் பட்டுது. ஏப்ரன்ல கையைத் துடைச்சுக்கிட்டு, எல்லாரையும் கேட்கிற மாதிரியே, "என்ன சாப்பிடறீங்க?"ன்னான்.

"சக்கரை இல்லாம ஒரு டீ."

கொண்டுவந்து வச்சான். போகாம நின்னான். நானும் டீயைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். அப்போ என் வாயிலேர்ந்து வந்துடுச்சு. "ஏன்டா?"

"என்ன ஏன்? சக்கரை போட்டுட்டேனா?"

"ஏன்டா படிப்பை விட்ட?"

நான் கேட்கணும்னு கேட்கல சார். மேடையில அவ கேட்டதோட மிச்சம் காதுல சுத்திக்கிட்டே இருந்திருக்கும், அதுதான் வாய் வழியா வந்துடுச்சு.

அவன் எதிர் நாற்காலியில உட்கார்ந்தான். "கண்ணுப்பா"ன்னான்.

"உன் கண்ணுக்கு என்ன?"

"என் கண்ணு இல்லப்பா. பேஷன்ட் கண்ணு. நாற்காலியில சாய்ச்சு வாயைத் திறக்கச் சொல்லிடறோம். அவங்களால ஒண்ணும் பேச முடியாது. கண்ணு மட்டும் நம்மளையே பார்த்துக்கிட்டிருக்கும். ஒரு சின்னப் பொண்ணு, எட்டு வயசு, அப்படியே பார்த்துச்சு. எனக்குக் கை ஓடல. அதுக்கப்புறம் யார் வந்து உட்கார்ந்தாலும் அதே கண்ணாத் தெரிஞ்சுது. முடியலப்பா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க தாடி ஒட்டிக்கிட்டிருந்தீங்க."

டீ ஆறிப்போச்சு. அதையும் குடிச்சேன். மங்கை உள்ளேர்ந்து ஒரு தட்டுல அந்தத் தேன் கேக்கைக் கொண்டுவந்து வச்சா, பல்லுக்குக் கெடுதல்னு சொல்லிக்கிட்டே தின்னேன். வரும்போது அவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். பையை அவனே தூக்கிக்கிட்டான்.

ஆனா சார், அவன் சொன்ன காரணம் இருக்கே, அதை என்னால இன்னிக்கு வரைக்கும் ஏத்துக்க முடியல. கண்ணாம்! முப்பது வருஷமா இந்த இடத்துல நிக்கிறேன். ஊர் சனம் பூரா என்கிட்ட வாயைத் திறந்திருக்கு. கேளுங்க, யாரோட பல்லு எப்படின்னு சொல்றேன். யாரோட கண்ணு எப்படின்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்? பல் டாக்டர் பல்லைப் பார்க்கணும். கண்ணைப் பார்த்துக்கிட்டு நின்னா வேலை நடக்குமா? கண்ணுல அப்படி என்னதான் இருக்கு, பார்க்கிறதுக்கு? நீங்களே...

என்ன சார், கண்ணுலேர்ந்து ஏன் இப்படித் தண்ணி வழியுது?

வலிக்குதா? மரத்துப் போகவே இல்லையா? இத்தனை நேரமாவா? அடக் கடவுளே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!

இருங்க. மெஷினை நிறுத்திட்டேன். பஞ்சை எடுத்துடறேன். எழுந்து உட்காருங்க. தண்ணி குடிங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.

எங்கே வலிக்குது? நீங்க சொல்லுங்க. நான் பேசல.